தொப்புள் கொடி ரத்தம் பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. இங்கே கும்பகோணத்தில் ஆடிப்பெருக்குக்கு நல்ல கூட்டம், காவிரியிலும் தண்ணீர் இருந்தது. உங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா? சம்பாவுக்கு நாற்று விட்டாயா என்று எழுது. மகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒருவர் வந்து பேசினார், பிரசவத்தின்போது தொப்புள் கொடி ரத்தத்தை எடுத்து உறையவைத்துப் பத்திரப்படுத்த 60,000 ரூபாய் கேட்கிறார், மாப்பிள்ளை பாதி சம்மதித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே வேலைக்காலம் முழுக்க இருந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பச்சைக் குழந்தையின் ரத்தத்திலோ உட்கரு இன்னும் உதிராத இளம் அணுக்கள் அங்கங்கே தெரியும். ஹீமோகுளோபின் 17, 18 என்று நிற்கும். வெள்ளையணு 20,000 இருந்தாலும் டாக்டர் பதற மாட்டார், அந்த வயதுக்கு அது இயல்பு. வயிற்றுக்குள் தாயின் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள வேண்டுமே, அதற்கென்று கருவுக்குத் தனி ஹீமோகுளோபின் உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் அது பெரும்பாலும் விலகி நம்முடையது போன்றது வந்துவிடும். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான பீட்டா தலசீமியா உள்ள குழந்தை பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்துவிட்டு, அரை வயதுக்கு மேல் வெளுத்துப்போவது இதனால்தான். அந்த ரிப்போர்ட்டை எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கனக்கும்.

அப்புறம் ஸ்டெம் செல். கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்வதே இதற்காகத்தான். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் அதுதான் விதைநெல். புது அணுக்களையும் தரும், தன்னைப் போன்ற இன்னொன்றையும் மிச்சம் வைக்கும். பிறக்கும் நேரத்தில் கொடி ரத்தத்தில் அது நிறையவே இருக்கிறது. 1988இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளுக்மன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் பரம்பரை நோய்) இருந்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகக் கொடி ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அது அவனுடைய ரத்தம் இல்லை, புதிதாகப் பிறந்த தங்கையினுடையது.

உன் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். குழந்தைக்குத் தலசீமியா போன்ற பரம்பரை நோய் இருந்தால், அதன் சொந்தக் கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். ரத்தப் புற்றுநோய் வந்தாலும் தன் ரத்தத்தையே திருப்பி ஏற்றுவதை மருத்துவர்கள் விரும்புவதில்லை. நோயின் தொடக்கம் பிறக்கும்போதே அதில் இருந்திருக்கலாம். வளர்ந்த ஆளுக்கு ஒரு கொடி ரத்தம் அளவிலும் பெரும்பாலும் போதாது. தனக்கே பிற்பாடு பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டு நெறிகளிலேயே சொல்லிவிட்டது. வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஸ்டெம் செல் மாற்றி ஏற்றும் சிகிச்சை தேவைப்படும் ரத்த நோய் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். உங்களுக்கு இதுதானே முதல் பேரப்பிள்ளை.

நம் பாட்டிமார் காய்ந்த கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினார்களே, அதுவே அந்தக் கால ஸ்டெம் செல் சேமிப்பு என்று அந்த ஆள் சொன்னாராம். இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபமே வந்தது. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இராது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்தால்தான் அந்தச் செல்கள் உயிரோடு நிற்கும். பாட்டி கட்டியது பேரன்மேல் இருந்த பாசத்தால். அந்தப் பாசத்தைக் காட்டி வியாபாரம் பேசுவது நியாயமா?

அந்த ரத்தம் உடனே பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது: குழந்தையின் உடம்பு. பிறந்ததும் கொடியை அவசரமாகக் கவ்வி வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் விட்டால், நஞ்சுக்கொடியில் நிற்கும் ரத்தத்தில் ஒரு நல்ல பங்கு தானாகக் குழந்தைக்குப் போய்விடும். அந்த இரும்புச் சத்து மாதக்கணக்கில் காக்கும். ஒரு நிமிஷத்துக்கு முன் வெட்ட வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடலாம், அப்படி வந்தால் விளக்கொளியில் வைப்பார்கள், பயப்படாதே. குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏதும் இருந்தால் மட்டும் டாக்டர் முடிவு செய்யட்டும். சேமிப்புக்கென்று பை நிறைய எடுக்கப் பார்த்தால் குழந்தைக்குப் போவது அந்த அளவு குறையும்.

இன்னொன்று. மாப்பிள்ளை உன் அக்கா மகன். சொந்தத்தில் கொடுத்திருப்பதால் இருவருக்கும் தலசீமியா கடத்தும் தன்மை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா, மகளின் ஃபைலைப் பார். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு இப்போதாவது செய்யச் சொல். அந்த 60,000இல் சிறு துளிகூட ஆகாது.

மாப்பிள்ளையிடம் நான் போனில் பேச வேண்டுமானால் சொல், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். புரட்டாசியில் பிரசவம் என்றிருக்கிறாய், எந்த ஆஸ்பத்திரி என்று எழுது. நாங்கள் இருவரும் வந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்