நாலாவதில் எடுத்த படம்

அன்பின் மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்காவின் மகள் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். ஆறுதலாக இருந்து வாசி.

கூரை வேலை முடிந்துவிட்டது. இனி மாரி வந்தாலும் பயமில்லை, எல்லாம் நீ அனுப்பிய காசு. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, முற்றம் முழுக்கப் புழுதி. வெள்ளிக்கிழமை அப்பாவின் திவசம் நடந்தது. ஐயர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். பெரியம்மா வந்து காய்கறி வெட்டித் தந்தார். உனக்கு அது வேலைநாள் என்று எனக்குத் தெரியும், நான் ஒன்றும் நினைக்கவில்லை. பெரியம்மாதான் "தம்பி போன் எடுத்தவனோ" என்று இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் காலையில் பிள்ளை உன் ஸ்டேட்டஸைக் காட்டினாள். ஆற்றின் மேல் பலகை அடித்த தளம், பின்னால் இருட்டுத் தண்ணீர், மேசையில் ஐந்து பெரிய கிளாஸ். நீ சிரிக்கிறாய். கன்னம் ஒட்டியிருக்கிறது. கீழே "நாலாவது" என்று எழுதியிருந்தாய்.

பார் பாராக ஏறி இறங்குகிற இந்த நடை எனக்குப் புதிதல்ல. போன வருடம் வந்தபோது கடற்கரையில் இருந்து நீதானே சொன்னாய். லண்டன் சதர்க்கில் ஜோர்ஜ் என்ற பழைய சத்திரத்தில் தொடங்குவோம், 1676 தீயில் எரிந்து 1677இல் திரும்பக் கட்டியது, ஒரு பக்கத்து மாடி விறாந்தைகள் இன்னும் இருக்கின்றன என்றாய். பிறகு தேம்ஸ் கரையோரமாக ரொதர்ஹித் வரை நடை, 1620இல் அமெரிக்காவுக்குப் போன மேஃபிளவர் கப்பல் நின்ற இடத்தில் முடியும். நீ 1620 என்றதும் எனக்கு 1622தான் ஓடி வந்தது, போர்த்துக்கேயர் நம் கோணேசர் கோவிலை இடித்த வருடம். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவளுக்கு வேறென்ன நினைவு வரும்? நீ அதை எடுத்துச் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் வருடம் சொல்கிறாய். அந்த நினைவாற்றலோடு திவசத்தின் திதியையும் வைத்திருக்கலாம். சரி, விடு.

வெறும் வயிற்றோடு போகாதே. வேலையால் நேரே போகாமல் இரண்டு துண்டு பாணாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

அந்த ரவுண்ட் முறைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் போனால் ஆளுக்கொரு தடவை எல்லோருக்கும் வாங்க வேண்டும் என்றாய். அப்படியென்றால் உனக்கு ஒன்று போதும் என்றாலும் ஐந்து வரும். வேகமாகக் குடிக்கிறவனின் வேகத்துக்குத்தான் மற்றவர்களும் இழுபட வேண்டும். ஒரு பைன்ட் 568 மில்லிலீற்றர். ஐந்தைக் கூட்டினால் மூன்று லீற்றருக்குக் கிட்ட வருகிறது. மதுவை அலகு என்று அளக்கிறார்கள், வாரத்துக்கு 14 அலகைத் தாண்ட வேண்டாம் என்று அந்த நாட்டு வைத்தியர்களே சொல்கிறார்களாம். சாதாரண பியரில் ஐந்து பைன்ட் என்றால் ஒரே இரவில் 11க்கு மேலே போய்விடும். பிள்ளைதான் பார்த்துச் சொன்னாள், நான் கொப்பியில் கணக்குப் போட்டேன். அரைப் பைன்ட் கேட்கலாம்தானே, அதில் என்ன வெட்கம்? நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடி. சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்னை அப்பாவோடு சேர்த்து நினைக்கிறேன் என்று எண்ணாதே. நீ அப்படியில்லை. ஆனால் கடைசி மூன்று மாதம் நீயும் பார்த்தாய்.

நான் எழுத வந்தது இதுவுமல்ல, தம்பி. அந்த "நாலாவது" என்ற சொல்லோடு ஒரு கிழமையாகக் கிடக்கிறேன்.

உனக்கு ஒன்பது வயது. மூடி இறுகாத அந்த டோர்ச் லைட்டில் றப்பர் பாண்டைச் சுற்றி உன் கையில் தந்து, அப்பாவைப் பார்த்து வா என்று அனுப்புவேன். முதலில் சந்தைக்குப் பின்னால் இருந்த தவறணை. அங்கே இல்லையென்றால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பார். பிறகு கடற்கரைப் பக்கத்துச் சாராயக்கடை. அதுவும் இல்லையென்றால் அவருடைய கூட்டாளி வீட்டு விறாந்தை. அந்த விறாந்தைதான் நாலாவது. முற்றவெளியைத் தாண்டி, ஆமிக்காரர் நிற்கிற சென்றியைத் தாண்டி, பொழுது சாய்ந்த பிறகு. பெரிய ஆள் போனால் மறித்துக் கேட்பான்கள், சின்னப் பிள்ளையை விட்டுவிடுவான்கள் என்று கணக்குப் போட்டேன். அது என்ன கணக்கு? ஒரு தாய் போடுகிற கணக்கா?

நான் போயிருக்கலாம். ரீச்சர் தவறணை வாசலில் நிற்கிறாள் என்று ஊர் கதைக்கும் என்று போகவில்லை. என் மானத்தைக் காக்க உன்னை இருட்டுக்குள் அனுப்பினேன்.

ஒரு நாள் நீ அவருடைய செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். அவர் பின்னால் மதிலைப் பிடித்துப் பிடித்து வந்தார். வழியில் மான் ஒன்று எதிரே நின்றது, டோர்ச் அடித்ததும் அதன் கண் இரண்டும் பச்சையாக எரிந்தது, பேய் என்று நினைத்தேன் அம்மா என்றாய். உன் கை சில்லிட்டிருந்தது. நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. "எத்தனையாவதில் இருந்தார்?" நீ "நாலாவது" என்றாய். பயந்துவிட்டாயா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தச் சொல்லை நீ தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று கேட்க எனக்கு வாய் வராது. ராசா, அம்மா செய்தது பிழை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் போய்விட்டது.

சூடைக் கருவாடும் மிளகாய்த்தூளும் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறவரிடம் தந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அறைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு. இப்போதைக்கு அங்கே இரவு 12 என்றால் இங்கே விடியப்புறம் நாலரை. பத்திரகாளி அம்மன் கோவில் பூசைக்கு முன்னமே எழும்பிவிடுவேன், அந்த நேரம் போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா