பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு தமிழ் வகுப்பு

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் பாடப்பதிவு அலுவலகங்களுக்கு,

வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். இங்கும் பருவத்துக்கு ஒரு தமிழ்ப் பாடமாவது எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த விருப்பம் உள்ளவர்கள் எங்கள் தமிழ்ப் பேரவையிலேயே பலர் இருக்கிறார்கள்.

வகுப்புகள் இல்லாமல் இல்லை. கிளமெண்டி சாலையில் இருக்கும் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழியும் இலக்கியமும் முழுப் பட்டப்படிப்பாகவே நடக்கின்றன. அதே சாலையில் தெற்கே போனால் தேசியப் பல்கலைக்கழகம் வந்துவிடும். அங்கும் தமிழ் கற்பிக்கிறார்கள், ஆனால் அந்த மொழி வகுப்புகள் தமிழைப் புதிதாகக் கற்பவர்களுக்கானவை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இவ்வளவும் இருக்க, பதிவுப் பக்கத்தில் எனக்குத் தெரிவது என் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் மட்டுமே.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கிடையே 'சூசெப்' என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் இருப்பது தெரியும். ஒரு பருவம் முழுக்க வளாகம் மாறிப் படிப்பவருக்கு அது நல்ல திட்டம். வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு வகுப்புக்குப் போய்வர நினைப்பவருக்கு விண்ணப்பம், பாட ஒப்பீடு, துறை ஒப்புதல் என்று அது நீண்டுகொண்டே போகிறது. ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். அன்பாகத்தான் பேசினார்கள். பாடத்திட்டத்தை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பதில் வந்தபோது பருவம் பாதி ஓடிவிட்டது.

நடைமுறைச் சிக்கல்களை நான் மறுக்கவில்லை. இடைவேளை வாரம் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆறாம் வாரத்துக்குப் பின், நன்யாங்கில் ஏழாம் வாரத்துக்குப் பின். பாடத்தின் எடையைக் கணக்கிடும் அலகும் வேறு: வழக்கமான ஒரு பாடத்துக்குத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 யூனிட், நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 1 கிரெடிட். ஆனால் அமெரிக்காவில் ஹார்வர்டின் நாட்காட்டியும் எம்ஐடியின் நாட்காட்டியும்கூட ஒன்றல்ல. ரயிலில் இரண்டே நிறுத்த இடைவெளியில் இருக்கும் அந்த இரண்டிலும், ஒன்றின் மாணவர் மற்றதில் வகுப்புக்குப் பதிந்துகொள்கிறார், தனிக் கட்டணம் இல்லாமல்.

தமிழுக்கு இது ஏன் அவசரம்? ஆள் எண்ணிக்கைதான் காரணம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகக் கணக்குப் பார்த்தால் சங்க இலக்கியத்துக்கு நான்கைந்து பேர் தேறலாம். அதற்காக ஒரு வகுப்பை நடத்தச் சொல்வது நியாயமில்லை. எல்லா வளாகங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அறை நிறையும். ஏற்கெனவே நடக்கும் வகுப்புகளுக்கும் ஆள் கூடும். பள்ளி முழுக்கத் தமிழ் படித்துவிட்டுப் பத்தொன்பது, இருபது வயதில் அதை அப்படியே நிறுத்திவிடுகிறோம். நம் செய்தியறைகளுக்கும் மொழிபெயர்ப்புக்கும் வகுப்பறைகளுக்கும் வரவேண்டியவர்கள் இந்த வயதுக்காரர்கள்தானே!

என் கோரிக்கை சிறியது. தமிழ்ப் பாடங்களை மட்டும் வைத்து ஒரு முன்னோட்டம் தொடங்குங்கள். எந்தப் பாடம் எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்பதை நீங்களே ஒருமுறை பேசி முடித்து, பதிவு திறக்கும் முன்பே பட்டியலாக வெளியிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக ஒப்புதல் கேட்டு அலைய வேண்டியதில்லை. வகுப்புக்குச் சில இடங்களை வெளி மாணவர்களுக்கென ஒதுக்குங்கள். மதிப்பெண் சராசரியில் சேர்ப்பது சிரமம் என்றால் தேர்ச்சி என்று மட்டும் பதியுங்கள், அதுவே போதும். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ் வகுப்புகள் வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்துப் பெரும்பாலும் மாலையில் நடப்பவை. பகலெல்லாம் ஆய்வகத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த நேரம் மிகவும் வசதி.

அடுத்த ஆகஸ்ட் பருவத்துக்குள் இது நடந்தால் எனக்கே இன்னும் ஓராண்டு மிச்சம் இருக்கும். எந்தெந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று வளாகம் வளாகமாகக் கேட்டுத் தொகுத்துத் தரும் வேலையை மாணவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் மாணவி