சீருடை இல்லாதவனுக்குச் சட்டமும் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ சிறையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'சீருடை அணியாமல் போரிடுபவனுக்கு ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது. அவனை எப்படி விசாரிப்பது என்பது ராணுவத்தின் விருப்பம்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. இதன் முற்பாதியை 2002 பிப்ரவரியிலேயே அதிபர் புஷ் சொல்லிவிட்டார். 2006 ஜூனில், குவாண்டனாமோ கைதியான ஹம்தான் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை ஏற்க மறுத்து, போரில் பிடிபட்டவர்களை நடத்தும் முறையைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்குக்கும் பொதுவான, பிடிபட்ட எவரையும் மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும், சித்திரவதை கூடாது என்னும் 3ஆம் பிரிவு அல்-காய்தாவுடனான மோதலுக்கும் பொருந்தும் என்றது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்கு மட்டும் அச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

1971 போருக்குப் பின் வட இந்திய முகாம் ஒன்றில் பாகிஸ்தான் போர்க் கைதிகளுக்குக் காவல் நின்றவன் நான். ஒப்பந்தத்தின் ஷரத்துகள் அங்கே சுவரில் உருதுவில் ஒட்டப்பட்டிருந்தன. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றுக்கு மேல் கைதி வாய் திறக்க மறுத்தால் அடிக்கவோ மிரட்டவோ கூடாது என்று எங்களுக்கும் பாடம் நடத்தியிருந்தார்கள். கூட இருந்தவர்களைப் போரில் பறிகொடுத்துவிட்டு வந்திருந்த எங்களுக்குக் கோபம் இல்லாமலா இருந்தது? ஆயினும் எவரும் கைதியின் மேல் கை வைத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் சீருடைக்காரர்கள் ஆயிற்றே என்று கட்டுரையாளர் கேட்கலாம். போரையோ போர் அபாயத்தையோ காரணம் காட்டிச் சித்திரவதையை நியாயப்படுத்த முடியாது என்று சொல்லும் 1984ஆம் ஆண்டு ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில் சீருடை என்ற பேச்சே கிடையாது. அமெரிக்கா அதை 1994இல் ஏற்றது. அதன் பிறகுதான், 2002 ஆகஸ்டில் அல்-காய்தாவின் முக்கியப் புள்ளி என்று கருதிப் பிடித்த அபு சுபைதாவை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. 83 முறை நீரூற்றி மூச்சுத் திணறவைத்தது. அவர் மீது இதுவரை ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை.

2004இல், இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்த படங்கள் வெளியானபோதும் தங்கள் இதழ் அதைச் சில சிப்பாய்களின் அத்துமீறல் என்று சொல்லி முடித்துக்கொண்டது. கொடுமைக்கு வழி சொல்லிக் கொடுத்த வாஷிங்டன் சட்ட நிபுணர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் பிரசுரமாகவில்லை. மேற்சொன்ன உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்காததைக் கண்டித்து ஒரு தலையங்கமாவது வரும் என்று காத்திருந்து எனக்கும் வயதாகிவிட்டது.

அடுத்த இதழில் பொதுவான 3ஆம் பிரிவை மட்டுமாவது தமிழில் முழுமையாக அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அரைப் பக்கம் கூடத் தேவைப்படாது. ராசிபலனில் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.