காதில் விழாத பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து நால்வர் இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,000 பேர் எழுப்பிய கூச்சலில் பாட்டே காதில் விழவில்லை என்பதைக் கட்டுரையாளர் வெறும் குறையாக எழுதியிருப்பது எனக்கு வருத்தமளித்தது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களும் அரங்கத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளும் அந்த ஆரவாரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், மைதானத்தின் நடுவே போட்டிருந்த மேடையில் எறும்பளவாகத் தெரிந்த நால்வரையும், கடைசிப் பாட்டில் ஜான் லெனன் சிரித்துக்கொண்டே முழங்கையால் ஆர்கன் என்ற இசைக்கருவியின் கட்டைகளைத் தேய்த்ததையும் கண்ணால் கண்டவர்களுக்கு, அந்தக் கூச்சலும் கச்சேரியின் ஒரு பகுதியே அல்லவா? முதுமையை எட்டிவிட்ட அந்த ரசிகர்களின் நினைவுகளையும் தாங்கள் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசை ரசிகர், மதுரை