தனியா நின்னவங்க எல்லாரும் ஜெயிச்சுடல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல இளையோர் நாவல்கள் பத்தி வந்த கட்டுரையை ரசிச்சுதான் படிச்சேன், ஆனா ஊரோட ஒத்துப்போகாம தனியா நிக்கிற பிள்ளைங்க கடைசியில ஜெயிச்சுடுவாங்கன்னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. ஹங்கர் கேம்ஸ் (2008), டைவர்ஜென்ட் (2011) மட்டும் படிச்சா அப்படித்தான் தோணும். அதுல எதிரி அரசாங்கமும் அதிகாரத்துல இருக்கிறவங்களும், எதிர்க்கிற பொண்ணுக்கு நாம கை தட்டுறதுல என்ன கஷ்டம்? டைவர்ஜென்ட்ல அந்தப் பொண்ணு ஒரு கோஷ்டியை விட்டு இன்னொரு கோஷ்டிக்குத்தான் போறா, அங்கயும் அத்தனை பேரும் கறுப்பு டிரஸ்ஸும் டாட்டூவும்தான் (இதை என் பொண்ணுகிட்ட சொன்னா சண்டைக்கு வருவா).

ராபர்ட் கார்மியர் 1974ல எழுதின 'தி சாக்லேட் வார்' பத்தி ஒரு வரிகூட இல்லையே சார். ஸ்கூலுக்குக் காசு சேர்க்க ஆளுக்கு 50 பெட்டி சாக்லேட் விக்கணும், ஜெர்ரின்னு ஒரு பையன் மாட்டேங்கிறான். இதுல விஷயம் என்னன்னா மொதல் பத்து நாள் அவன் மாட்டேன்னு சொன்னதே அங்க இருக்கிற ரகசிய மாணவர் கோஷ்டி போட்ட ஆர்டர், அதாவது அந்த எதிர்ப்புகூட கீழ்ப்படிதல்தான். கெடு முடிஞ்சு வாத்தியார் பேரைக் கூப்பிடுறார், சரின்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது, ஆனா வாயில வர்றது மறுபடி இல்லைங்கிற பதில், ஏன்னு அவனுக்கே புரியல. அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அவன் ஃபிரெண்டு கூபர், ஜெர்ரிக்காக 27 பெட்டியோட விக்கிறதை நிறுத்திக்கிறான். இப்ப விற்பனை பக்கம் சேர்ந்துட்ட கோஷ்டி ஆளுங்க சும்மா விடுவாங்களா, கூபர் பேருக்கு நேரா 50ன்னு எழுதிப் போட்டு எல்லாரும் கை தட்டுறாங்க, அவனும் பொய்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல. கடைசியில ஜெர்ரி அடிபட்டுக் கிடக்கான், எதிர்த்து நின்னது வீண்ங்கிற முடிவுக்கே வந்துடுறான். இந்த முடிவை மாத்துங்கன்னு பதிப்பாளர்கள் கேட்டும் கார்மியர் மாத்தல.

எழுத்தாளர் ஜெர்ரி ஸ்பினெல்லியோட 'ஸ்டார்கேர்ள்' (2000) இன்னும் மோசம், அதாவது நம்மளை மாட்டிவிடுற விதத்துல. எதிர் டீம் பையன் அடிபட்டு விழுந்தப்ப ஓடிப்போய் தாங்கிப் பிடிச்ச பொண்ணை, நம்ம டீம் தோத்ததுக்கே நீதான் காரணம்னு ஸ்கூலே ஒதுக்குது. அவளை மத்தவங்க மாதிரி மாறச் சொல்றது வில்லன் இல்ல சார், அவளை உசுரா நேசிக்கிற லியோ, கதை சொல்றவனே அவன்தான், அதனால படிக்கிறப்ப நாமளும் அவன் பக்கம் தலையாட்டிட்டு இருக்கோம். அவளும் ஸ்டார்கேர்ள்ங்கிற பேரை விட்டுட்டு சூசன்னு பேர் வெச்சுக்கிட்டு சாதாரண டிரஸ் போட்டு வர்றா, அப்பவும் யாரும் சேர்த்துக்கல.

சோகமா முடியுது, பசங்களுக்கு வேணாம்னு விட்டிருந்தா, தயவுசெஞ்சு அடுத்த லிஸ்ட்ல இந்த ரெண்டையும் சேருங்க. கிளாஸ்ல யாரை யார் ஒதுக்குறாங்கன்னு உங்களையும் என்னையும் விட பசங்களுக்கு நல்லாவே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி