மட்டாஞ்சேரி வாசற்படியிலிருந்து சேலம் வக்கீலுக்கு

அன்புள்ள ஏ.பி. சேலம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம். அதனால்தான் கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 'ஏ.பி. சேலம் ரோடு' என்ற பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் ஊர்க்காரர் யாரோ இங்கே வந்து பேர் சொல்லும்படி வாழ்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன். நீங்கள் ஆபிரகாம் பாரக் சேலம், 1882-ல் கொச்சியில் பிறந்தவர். தாய் ஒருத்தியாய் வளர்த்த பிள்ளை. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, கொச்சி யூதர்களில் முதல் வக்கீல் ஆனவர். அன்றிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

உங்கள் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் போயிருந்தேன். 1568-ல் அரண்மனையை ஒட்டி, கொச்சி ராஜா கொடுத்த இடத்தில் கட்டியது. 1662-ல் போர்த்துக்கீசியர் சேதப்படுத்த, டச்சுக்காரர்கள் வந்தபின் 1664-ல் மறுபடி எழுந்தது. 1760-ல் யூத வணிகர் எசெக்கியேல் ரகாபி கட்டிக்கொடுத்த மணிக்கூண்டில் ஆலயத்தைப் பார்த்த முகத்தில் எண்கள் எபிரேய எழுத்தில் இருக்கின்றன. உள்ளே செருப்பில்லாமல்தான் போக வேண்டும். நம் ஊர்க் கோயில் வழக்கம் அங்கே அப்படியே இருக்கிறது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள் காலடியில் சில்லென்று இருந்தன. தரை முழுக்கக் கையால் வரைந்தவை. வில்லோ மரம், படகு, சின்ன வீடு என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆனால் ஐயா, வந்தவர்கள் எல்லோரும் ஓடுகளையும் சரவிளக்கையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு வாசல்பக்கமே கண் போனது. நீங்களும் உங்கள் மக்களும் உட்கார வைக்கப்பட்ட இடம் அதுதானே?

'பரதேசி' என்றால் எங்கள் பேச்சில் பிச்சைக்காரர். உங்கள் ஊரில் அது வெளிநாட்டிலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் தங்களை வெள்ளை யூதர் என்றார்கள். அவர்களுக்கு முன்பே பல நூறு ஆண்டுகளாக மலபாரில் வாழ்ந்தவர்களைக் கறுப்பு யூதர் என்றார்கள். அந்த ஒரே தெருவில் கறுப்பு யூதர்களுக்குத் தனி ஜெப ஆலயங்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த உங்கள் கூட்டத்துக்குப் பெயர் 'மெஷுஹ்ராரிம்'. பரதேசி ஆலயத்துக்கு வரலாம், ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. தரையிலோ வெளிப்படியிலோதான். யூத வேதமான தோராவை வாசிக்க உங்களைக் கூப்பிட மாட்டார்கள். சென்னைப் பட்டம் வாங்கி, கோர்ட்டில் நீதிபதி முன்னால் நிமிர்ந்து நின்று வாதாடிய மனிதர், சனிக்கிழமை தன் ஆலயத்தில் தரையில் உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் மதச்சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கேட்டு அனுப்பிய கேள்விக்கு, எகிப்திலிருந்த யூத மதகுரு ரப்பி டேவிட் இப்ன் சிம்ரா தெளிவாகப் பதில் கொடுத்திருக்கிறார். விதிப்படி நீரில் முழுகி எழுந்தால் எல்லோரும் சம யூதர், கொள்வினை கொடுப்பினைக்கும் தடையில்லை என்றார். அந்தப் பதிலை ஊர்ப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாதி என்பது எந்த மதத்துக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-ல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்டை அச்சில் வாசித்தேன். வட்டெழுத்தில் பொறித்தது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, தோரணம், தோரணவிதானம். இந்தச் சொற்களுக்கு எனக்கு அகராதி அதிகம் தேவைப்படவில்லை. பட்டப்பகலில் விளக்கு பிடிக்கலாம், நடக்கும் வழியில் துணி விரிக்கலாம், பல்லக்கில் போகலாம். 72 உரிமைகள், உலகும் சந்திரனும் உள்ள காலம் வரைக்கும். வேற்று மதத்து ராஜா குடையும் பல்லக்கும் கொடுத்தான். சொந்தச் சபை உங்களுக்கு ஒரு பெஞ்சு கொடுக்கவில்லை. படித்துவிட்டு ரொம்ப நேரம் புத்தகத்தை மூடாமலே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சத்தியாகிரகம் செய்தீர்கள். ஆலயத்தைப் புறக்கணித்தீர்கள். அதே காலத்தில்தான் பக்கத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது, எங்கள் பெரியாரும் சிறை போனார். கொச்சி சட்டசபையில் இருந்தீர்கள், தொழிலாளர் பக்கம் நின்றீர்கள், 1929-ல் லாகூர் காங்கிரசுக்கும் போய் வந்தீர்கள். 1930-களின் முடிவுக்குள் பெரும்பாலான தடைகள் விலகின. பிற்பாடு உங்கள் மகன் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். சட்டப் புத்தகத்தால் ஆகாதது ஒரு கல்யாணத்தில் நடந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

உங்களைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது அதற்குப் பிந்திய காலம். இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்கள் கிளம்ப ஆசைப்பட்டார்கள். இவர்களுக்கு யானைக்கால் நோய் இருக்கிறது என்று சொல்லி இஸ்ரேல் அதிகாரிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். நீங்கள் விடாமல் அவர்களுக்காகப் பேசினீர்கள். 1950-களின் நடுவில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம், எருசலேம் பக்கத்தில் மெசிலாத் சியோன் என்று குடியேறினார்கள். இந்த ஊரின் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடிய மலையாளப் பாட்டுகளும் அவர்களோடு போயின. எல்லோரையும் வழியனுப்ப உழைத்த நீங்கள் மட்டும் கொச்சியிலேயே இருந்து, 1967-ல் கண்ணை மூடினீர்கள். அடுத்த ஆண்டு ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா. பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள்.

கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். உங்கள் தெருவில் அந்தப் பத்துப் பேர் சேராமல் போய் ரொம்பக் காலம் ஆகிறது. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். தெருவின் மறுகோடியில் கறுப்பு யூதர்களின் கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது.

ஐயா, ஒரே ஒரு ஆசை. ஓடுகளைப் பற்றியும் மணிக்கூண்டைப் பற்றியும் எழுதி வைப்பதுபோல, இந்த வாசலில் யார் உட்கார வைக்கப்பட்டார்கள், யார் எழுந்து நின்றார்கள் என்றும் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். மலையாளத்திலும் எபிரேயத்திலும் இருக்கட்டும், தமிழிலும் ஒரு வரி இருந்தால் எனக்கு நிறைவு. செருப்பை மாட்டிக்கொள்ள அங்கேதான் உட்கார்ந்தேன். காவலாளி வந்து நேரமாச்சு என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒருவன்