ரேஷன் கடை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

வணக்கம். யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்குத்தான் சங்கடம். படித்ததும் இது நமக்குத்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர் தவறிய பிறகு வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். மில்லில் ஷிப்ட் வேலை என்பதால் ரேஷனுக்குப் போவது மாமியார். காலமெல்லாம் களை பறித்தும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்துபோன கை. மெஷினில் வைத்தால் எடுக்காது.

அண்ணா, நீங்கள் ஒருநாளும் "அப்புறம் வாங்கம்மா" என்று அவரைத் திருப்பி அனுப்பியதில்லை. ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பீர்கள். வரிசையில் முணுமுணுப்பவர்களுக்கும் நீங்களே பதில் சொல்வீர்கள். கடைசியில் ஏதோ ஒரு விரல் எடுத்துவிடும். இப்போது கருவிழி பார்க்கும் கருவி வந்துவிட்டதால் அந்தப் பாடு இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய உதவி வேறு. ஒருநாள் கார்டைத் திருப்பிப் பார்த்து, "இன்னும் ஏன் இந்த வகையிலேயே இருக்கீங்க? அந்தியோதயாவுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினீர்களே, அதுதான். மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கென்று அப்படி ஒரு கார்டு வகை இருப்பதே எனக்குத் தெரியாது.

வட்ட வழங்கல் அலுவலக மேடம், இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமில் என் மனுவை முழுதாகப் படித்தவர் நீங்கள். இறப்புச் சான்றிதழ் நகல் இல்லை என்றதும் விரட்டாமல், எதிர்க் கடையில் எடுத்துவரச் சொல்லிவிட்டு என் மனுவைத் தனியே எடுத்து வைத்திருந்தீர்கள். 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இது எங்களுக்குச் சேர வேண்டியது என்றும் சொன்னீர்கள். அதுவரை கெஞ்சிக் கேட்க வேண்டுமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதம் 20 கிலோ அரிசி வந்த வீட்டுக்கு இப்போது 35 கிலோ, விலையில்லாமல். மாதக் கடைசியில் மளிகைக் கடையில் அரிசிக்குக் கடன் சொல்வது நின்றுவிட்டது.

காலை உணவு சமைக்கும் அக்காக்களே! 2022 செப்டம்பர் 15-ல் 1,545 பள்ளிகளில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. "சாம்பார்ல காய் எங்கே?" என்று என் மகள் கேட்டாளாம். அதிலிருந்து அவளுக்கு மட்டும் கரண்டியை அடிவரை விட்டு அள்ளி ஊற்றுகிறீர்களாம். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் சண்டைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவசம் வாங்கியே ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பேசுகிறவர்கள் எங்கள் மில் பஸ்ஸிலும் உண்டு. சரி, பேசட்டும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதற்குள் என்ன சமைப்பாள் என்பதையும் அவர்களே சொல்லட்டும். என் வீட்டுக்காரரே 1982-ல் எம்.ஜி.ஆர் கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்டுப் படித்தவர்தான்.

அங்கன்வாடி டீச்சருக்கு: சின்னவன் எடை குறைகிறது என்று என்னைவிட முன்னால் கவனித்தது நீங்கள். அவன் வராத நாட்களில் வீடு தேடி வந்தீர்கள். சத்துமாவை உருண்டை பிடித்துக் கொடுத்தால் சாப்பிடுவான் என்று சொல்லிக் கொடுத்தீர்கள், சாப்பிடுகிறான்.

இந்தத் திட்டங்களைப் போட்ட அரசுக்கும் நன்றி. கூடவே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில மாதம் பருப்பும் பாமாயிலும் கைக்கு வருவதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடுகிறது. அதையும் யாராவது பாருங்கள்.

மேடம், எங்கள் தெருவில் இன்னொரு அக்காவும் என்னைப் போலவே தனியாகக் குடும்பத்தைப் பார்க்கிறார். அவருடைய கார்டும் பழைய வகையில்தான் கிடக்கிறது. அடுத்த முகாமுக்குக் கூட்டி வருகிறேன். இந்தத் தடவை நகல்கள் எல்லாம் சரியாக இருக்கும்.

நன்றியுடன்,
ஒரு மில் தொழிலாளி